டிராக்டர் டயருக்குச் செயின் எதற்கு, எப்போது கட்டணும், எப்போது கழற்றணும்

பனிக்காலம் நெருங்க நெருங்க, புதிதாகச் சின்ன டிராக்டர் வாங்கிய யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்: "ஃபோர் வீல் இருக்கே, அப்புறம் எதுக்கு டயருக்குச் செயின்?" நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதி, மேடிசன் கவுண்டியின் மேட்டுப் பக்கம். வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் நீளமான சரளைப் பாதை, அதில் பாதி நல்ல சரிவு. இங்கே சில குளிர்காலங்களைப் பார்த்த பிறகு என் பதில் மாறவே இல்லை. ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வசதி, வண்டியை மேலே ஏற்றிவிடும், அதில் சந்தேகமில்லை. இறங்கும்போது பிடித்து நிறுத்துவது செயின்தான்.

பலரும் செயின் வாங்குவது வண்டி சிக்கிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. சிக்கினால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, மண்வெட்டி எடுத்துத் தோண்டலாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். சறுக்கினால்தான் ஆபத்து. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு, மேலே நீங்கள், கீழே ஐஸ், அந்தப் பக்கம் பள்ளம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மாதிரி செயின் வாங்குவது, எந்தச் சக்கரத்தில் போடுவது, எப்போது கழற்றுவது எல்லாவற்றுக்கும் விடை தானாகக் கிடைக்கும்.

இதற்குக் காரணம் பிரேக் இருக்கும் இடம். கார் மாதிரி நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலானோர் டிராக்டரில் ஏறுகிறார்கள். இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலும் பின் ஆக்சிலில் மட்டும்தான் பிரேக். முன் சக்கரத்துக்குத் தனி பிரேக் கிடையாது. ஃபோர் வீல் போட்டிருந்தால் நடுவில் ஓடும் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரமும் அந்தப் பிடிப்பில் பங்கெடுக்கும், எடுத்துவிட்டால் அதுவும் இல்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் ஓடும், பெடலாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வண்டியில், பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நிற்கிறது அல்லவா, அந்தப் பிடிப்பும் இதே பின் ஆக்சில் வழியாகத்தான் தரைக்குப் போகிறது.

இப்போது முன்னால் லோடர் பக்கெட்டில் பனியை அள்ளிக்கொண்டு சரிவில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக விழுந்த பனி லேசானது, பஞ்சு போல இருக்கும், பக்கெட் நிறைய அள்ளினாலும் எடை தெரியாது. ஆனால் பாதை ஓரத்தில் தள்ளித் தள்ளிக் குவித்து, வெயிலில் கொஞ்சம் உருகி, மறுபடி இறுகிய பனி இருக்கிறதே, அது பல மடங்கு கனம். பக்கெட்டில் அந்த எடை ஏறியதும் முன் ஆக்சில் அழுந்துகிறது, பின் பக்கம் தூக்குகிறது. சரிவு வேறு எடையை இன்னும் முன்னால் தள்ளுகிறது. அதாவது பிரேக் இருக்கிற சக்கரத்தில் எடை இல்லை, எடை இருக்கிற சக்கரத்தில் பிரேக் இல்லை. பிரேக்கை மிதித்தால் பின் டயர் பூட்டிக்கொண்டு ஐஸ் மேல் வழுக்கும், அவ்வளவுதான்.

அதனால்தான் சரிவில் இறங்கும்போது ஃபோர் வீலை அணைக்கவே கூடாது, பின்னால் எடைப் பெட்டியோ பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோயரோ மாட்டாமல் லோடர் வேலை செய்யக்கூடாது, பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்த்தியே கொண்டுபோக வேண்டும். செயின் இவற்றுக்கு மேல் வருவது. இவற்றுக்குப் பதிலாக வருவதில்லை. யாராவது எனக்கு ஒரே ஒரு ஜோடி செயினுக்குத்தான் காசு இருக்கிறது, முன்னால் போடவா பின்னால் போடவா என்று கேட்டால், யோசிக்காமல் பின்னால் என்பேன். முன்னால் மட்டும் போட்டால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், இறக்கத்தில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்துவிடும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் பலனில்லை.

எங்கள் பகுதிப் பனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் இங்கே செயினை ஒரு கட்டாயமாக்குகிறது. வடமேற்கே ஒண்டாரியோ ஏரி. மிக ஆழமான ஏரி அது, ஆழமான இடத்தில் 244 மீட்டர். அந்த ஆழத்தால் குளிர்காலத்தில் அது முழுக்க உறைவது மிக அரிது. ஆழம் குறைந்த ஈரி ஏரி உறைந்துவிட்டால் பஃபலோ பக்கம் ஏரிப்பனி குறைந்துவிடும், எங்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. கனடாவிலிருந்து வரும் உறைகுளிர்க் காற்று அந்த வெதுவெதுப்பான தண்ணீர் மேல் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது, கரை தாண்டி மேடு ஏறும்போது கொட்டிவிடுகிறது. சிரக்கியூஸ் நகரத்தில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 3 மீட்டர் பனி விழும். அதற்கு வடக்கே டக் ஹில் மேட்டில் இதையெல்லாம் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2007 பிப்ரவரியில் அங்கே ரெட்ஃபீல்ட் என்ற ஊரில் பத்து நாள் நீடித்த ஒரே புயலில் 141 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டருக்கு மேல், கொட்டித் தீர்த்தது.

டயர் செயின் என்ற பொருளே எங்கள் கவுண்டியில் பிறந்தது என்பது இந்த ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கு வடக்கே, ஈரி கால்வாய் ஓரத்தில், கனஸ்டோட்டா என்று ஒரு சின்ன ஊர். கறுத்த சேற்று மண்ணில் வெங்காயம் விளைவித்துப் பேர் வாங்கிய ஊர், குத்துச்சண்டை வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் இருப்பதும் அங்கேதான். அந்த ஊர்க்காரரான ஹாரி வீட் என்பவர், கார் ஓட்டுகிறவர்கள் சேற்றிலும் பனியிலும் டயரைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, கயிறுக்குப் பதில் சங்கிலி என்று யோசித்து 1904ல் காப்புரிமை வாங்கினார். இரண்டு பக்கமும் நீளச் சங்கிலி, நடுவில் குறுக்குச் சங்கிலி. இன்று கடையில் ஏணிச் செயின் என்று விற்பது அதே அமைப்புதான், நூற்றுச் சொச்சம் வருஷத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கனஸ்டோட்டா வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். இந்த மலைச்சரிவுகளில் எத்தனை உயிரை அந்தக் குறுக்குச் சங்கிலி காப்பாற்றியிருக்கும்!

சரி, என்ன செயின் வாங்குவது. ஏணிச் செயின்தான் விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும். அதிலும் குறுக்குச் சங்கிலி இரண்டு கண்ணிக்கு ஒன்று வரும் வகையும் உண்டு, நாலு கண்ணிக்கு ஒன்று வரும் வகையும் உண்டு. நாலு கண்ணி வகையில் இடைவெளி அதிகம், ஒரு நேரத்தில் தரையைத் தொடுவது ஒரே ஒரு குறுக்குச் சங்கிலியாகத்தான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. ஓட்டும்போது தடக் தடக் என்று இடுப்பு வரைக்கும் அதிரும். இரண்டு கண்ணி வகை கனம் கூடுதல், விலை கூடுதல், ஆனால் தரையில் எப்போதும் இரும்பு இருக்கும். இன்னொரு விஷயம், உழவு டயர் என்று சொல்கிறோமே, ஆழமான பட்டைகள் சாய்வாக இருக்கும் டயர், அதில் ஏணிச் செயினைப் போட்டால் குறுக்குச் சங்கிலி பட்டைக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே உட்கார்ந்த செயினால் யாருக்கு என்ன பயன்? தோட்ட வேலைக்கான தட்டை டயரிலும், கட்டுமான வேலைக்கான அகலப் பட்டை டயரிலும் அந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை.

ஏணிச் செயினின் பெரிய குறை பக்கவாட்டுப் பிடிப்பு. குறுக்குச் சங்கிலி அச்சுக்கு இணையாகக் கிடப்பதால் முன்னால் பின்னால் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் ஸ்கேட்டிங் கட்டை போல வழுக்கிக்கொண்டு போகும். என் பாதை நேர்ச்சரிவு மட்டுமில்லை, ஒரு இடத்தில் ஓடைப் பக்கமாகச் சாய்ந்தும் இருக்கிறது. அதனால் நான் வைர வடிவத்தில் பின்னிய செயின் வாங்கினேன். அதில் சங்கிலி மூலைவாட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடும், எந்தத் திசையில் வழுக்கப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கண்ணி குறுக்கே நிற்கும். ஏணிச் செயினைவிட விலை நன்றாகவே அதிகம்தான். சமதரையில் பனி தள்ளுகிறவர்களுக்கு அது தேவையில்லை என்றே சொல்வேன். சரிவு உள்ளவர்கள் காசு பார்க்கக் கூடாது.

அப்புறம் வி-பார். குறுக்குக் கண்ணிகள் மேல் ஆங்கில வி வடிவத்தில் சின்ன இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண உருண்டைக் கண்ணி கட்டிப்பனியில் நன்றாகப் பிடிக்கும், வெறும் ஐஸில் அதுவும் வழுக்கும், இரும்பு மேல் இரும்பு நழுவுகிற மாதிரி. வி-பாரோ ஐஸைக் கொத்திக்கொண்டு நிற்கும். அதே துண்டு தார் மீதும் சிமெண்ட் மீதும் ஏறினால் அதையும் கொத்தும், வீட்டு முன்னால் தார் போட்டிருப்பவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் அளவு எடுங்கள். டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவுக்குத்தான் வாங்க வேண்டும், கண் அளவில் வாங்கக்கூடாது. அதைவிட முக்கியம், டயரின் உட்பக்கத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழைகிறதா என்று பார்ப்பது. சின்ன டிராக்டர்களில் அந்த இடைவெளி ரொம்பக் குறைவு. செயின் போட்டதும் அது மட்கார்டை உரசும், பிடித்துக்கொண்டால் கிழிக்கும், ஹைட்ராலிக் ஹோஸ் அந்தப் பக்கம் ஓடினால் அதையும் இழுத்துவிடும். இடம் போதவில்லை என்றால் ஆக்சிலுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு, வண்டி அகலமாக நிற்பதால் சரிவில் கவிழும் பயம் குறையும். ஸ்பேசர் போல்ட்டுகளைக் கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்கிப் பார்ப்பது ரொம்ப அவசியம்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர், அக்டோபர் கடைசியிலேயே செயின் கட்டிவிடுவார். பனியே விழாத மாதத்தில் ஏன் என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. அவர் விறகுக்கு மரம் இழுக்கிறவர். மேப்பிளும் ஆஷும் இலை கொட்டி, அதன் மேல் இரண்டு நாள் மழை பெய்து, அடியில் களிமண் இருந்தால், அந்தக் காட்டுப் பாதை ஐஸைவிட மோசம். ஐஸாவது கண்ணுக்குத் தெரியும். ஈர இலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பின்னால் கட்டியிழுக்கும் மரம் சரிவில் தானாக உருண்டு வண்டியைத் தள்ளினால் பிரேக் என்ன செய்யும்? அதனால் காட்டு வேலை இருப்பவர்களுக்குச் செயின் காலம் இலை உதிரும்போதே ஆரம்பிக்கிறது. பாதையில் பனி தள்ள மட்டும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் நவம்பர் நடுவரை காத்திருக்கலாம். தரை உறைவதற்கு முன்னால் செயினோடு புல்வெளியில் ஏறினால் புல்லை வேரோடு பெயர்த்துவிடும், அந்தத் தடம் வசந்தத்திலும் இருக்கும்.

கட்டும் வேலையைக் குளிர் ஏறாத ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் செய்துவிடுங்கள். முதல் புயல் அடிக்கும் ராத்திரியில், கையுறை நனைந்து விரல் மரத்துப்போய், தரையில் படுத்துக்கொண்டு உள்பக்கக் கொக்கியைத் தேடுவது ஒரு வேலையே இல்லை.

நான் செய்கிற முறை இது. முதலில் செயினைத் தரையில் முழு நீளத்துக்கு விரித்து, முறுக்கு ஏதும் இல்லாமல் நேராக்குவேன். இந்தப் பகுதியை அவசரப்படுத்தவே கூடாது, ஒரு கண்ணி திரும்பியிருந்தாலும் கட்டி முடித்த பிறகுதான் தெரியும், மறுபடி அவிழ்க்க வேண்டிவரும். கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அது டயர் சுவரை ஓயாமல் குத்திக்கொண்டே இருக்கும். வி-பாரின் கூர்ப்பக்கமும் வெளியேதான். பிறகு செயினைத் தூக்கி டயர் மேல் போர்த்துவேன். ஒரு பக்கத்துச் செயினே இருபது கிலோவுக்கு மேல் வரும், இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று சரிபார்த்து, தொங்கும் நுனியை டயருக்கு அடியில் செருகி, வண்டியை ஓரடி மட்டும் மெல்ல நகர்த்தினால் செயின் தானாகச் சுற்றிக்கொண்டு இரண்டு நுனியும் பக்கவாட்டில், கை எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, மற்ற சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் கீழே உட்காருவேன். முதலில் உள்பக்கக் கொக்கி, எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து. பிறகு வெளிப்பக்கம். வெளியே மீதம் தொங்கும் கண்ணிகளைக் கம்பியால் கட்டிவிட வேண்டும். கடைசியாக, கொக்கி வைத்த ரப்பர் இழுவைப் பட்டைகளை வெளிப்பக்கச் சங்கிலியில் நட்சத்திரம் போல மாட்டுவேன்.

இத்தோடு வேலை முடியவில்லை. பாதையில் ஒரு தடவை மேலும் கீழும் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், அவ்வளவு இறுக்கிக் கட்டியது எங்கே போனது என்று தோன்றும், தாராளமாக ஒன்றிரண்டு கண்ணி தளர்ந்திருக்கும். மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செயினைக் கட்டி, பிறகு காற்றை ஏற்றினால் இன்னும் இறுக்கமாக உட்காரும். சும்மாவே குளிர் ஏற ஏற டயர் அழுத்தம் குறையும், பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் அரை பவுண்டிலிருந்து ஒரு பவுண்டு வரை. காரில் அது பெரிதில்லை, டிராக்டர் டயரில் இருப்பதே பன்னிரண்டு, பதினைந்து பவுண்டுதான் என்பதால் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். தளர்ந்த செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் மட்கார்டை அறையும், அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

டயருக்குள் எடைக்காக நிரப்பும் திரவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் தண்ணீர் நிரப்பினால் ஜனவரியில் உறைந்து கட்டியாகிவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, கனமும் நல்ல கனம், ஆனால் டியூப் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். இங்கே நிறையப் பேர் இப்போது பீட்ரூட் சாறு நிரப்புகிறார்கள். சர்க்கரை பீட்டிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் சாறு, தண்ணீரைவிட சுமார் முப்பது சதவீதம் கனம், துருப்பிடிக்க வைக்காது. பின் டயரில் இந்த எடையும், அதற்கு மேல் செயினும் சேரும்போதுதான் வண்டி உண்மையில் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செயின் மட்டும் போட்டு எடை இல்லாத பின் சக்கரம் பாதி வேலைதான் செய்யும்.

டிசம்பரில் ஏரிப்பனி கொட்டும் நாட்களில் செயினின் அருமை அவ்வளவாகத் தெரியாது, புதுப்பனியில் நல்ல டயரே போதும். ஜனவரியில்தான் அதன் வேலை. ஒரு வாரம் உறைகுளிர், நடுவில் இரண்டு நாள் திடீரென்று சூடு ஏறி மழை, மறுநாள் ராத்திரி மறுபடி உறைகுளிர். காலையில் பாதை முழுக்கக் கண்ணாடி. உப்பு போடலாமே என்பார்கள். கல் உப்பு மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. அதைவிட, பாதை ஓரத்திலேயே எங்கள் குடிதண்ணீர்க் கிணறு இருக்கிறது, அதில் உப்பு இறங்க விடமாட்டேன். அடுப்புச் சாம்பலும் மணலும் தூவுகிறேன். அதைத் தூவவும் டிராக்டரில்தான் மேலே போக வேண்டும், அந்த முதல் நடைக்குச் செயின் இல்லாமல் முடியாது.

ஐஸில் இறங்கும்போது ஒரே கியர், வேகம் குறைந்த கீழ் ரேஞ்ச், ஃபோர் வீல். நடக்கிற வேகம் போதும். சறுக்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம் பெடலிலிருந்து காலை எடுப்பதும் பிரேக்கை அழுத்துவதும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் காலை எடுத்தால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும், நின்ற சக்கரம் சும்மா வழுக்கும், செயின் இருந்தாலும்கூட. பெடலைக் கொஞ்சம் முன்பக்கமே அழுத்திச் சக்கரத்தை உருளவிட்டால் கண்ணிகள் மறுபடி கடிக்கும். அதுவும் உதவவில்லையென்றால் பக்கெட்டைத் தரையில் இறக்கி அழுத்துங்கள், பெரிய பிரேக் அதுதான். இதைச் சரிவில்லாத இடத்தில், ஒன்றிரண்டு தரம் பழகி வைத்துக்கொள்ள வேண்டும், கை தானாகப் போகும் அளவுக்கு. வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றும், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் நிமிர்த்தியே இருக்கட்டும், சீட் பெல்ட்டும் கட்டியே இருக்கட்டும். கராஜுக்குள் உயரம் போதவில்லை என்று சட்டத்தை மடக்கி வைத்து, அப்படியே வேலைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பதறும்.

ஒருமுறை வீடியோ காலில் செயின் கட்டிய டயரைப் பார்த்துவிட்டு மன்னார்குடியிலிருந்து சித்தப்பா கேட்டார், "என்னடா தம்பி, கேஜ் வீல் மாதிரி ஏதோ கட்டிருக்க?" அவருக்கு அது தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. நாற்றங்கால் சேற்றில் ரப்பர் டயர் சும்மா சுற்றும் என்றுதானே டெல்டாவில் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேறடிக்கிறோம். "ஆமா சித்தப்பா, அங்க சேத்துக்கு, இங்க ஐஸுக்கு" என்றேன். "அதோட தார் ரோட்ல ஏறிடாத, ரோடு போயிடும்" என்றார். சித்தப்பா பனியையே பார்த்ததில்லை, இந்த ஊரின் முதல் விதியைச் சரியாகச் சொல்லிவிட்டார். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓடினால் ரோடு என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். ரோடு குறுக்கே கடக்க வேண்டுமென்றால் நேராக, மெதுவாக, டயர் சுழலாமல் கடந்துவிடுவேன். கராஜ் சிமெண்ட் தரையில் குதிரை லாயத்துக்குப் போடும் தடித்த ரப்பர் பாய் விரித்து வைத்திருக்கிறேன், வண்டி அதன் மேலேயே ஏறி அதன் மேலேயே இறங்கும்.

மார்ச் வந்தால் இங்கே எல்லோருக்கும் கை பரபரக்கும், பனி குறைந்துவிட்டது, செயினைக் கழற்றலாமா என்று. நான் கழற்ற மாட்டேன். ராத்திரி உறைந்து பகலில் உருகும் அந்த வாரங்கள்தான் மேப்பிள் சாறு இறங்கும் காலம். சுமார் நாற்பது காலன் சாறு காய்ச்சினால்தான் ஒரு காலன் சிரப், அப்படியென்றால் எவ்வளவு சாறைக் காட்டிலிருந்து இறக்க வேண்டும் என்று பாருங்கள். பின்னால் தொட்டியில் தண்ணீர் போலத் தளும்பும் சாறு. வடக்குப் பார்த்த சரிவில் நிழலில் இன்னும் ஐஸ், தெற்குப் பார்த்த சரிவில் சேறு, ஒரே பாதையில் இரண்டும் மாறி மாறி வரும். தளும்பும் எடையோடு காலை ஏழு மணிக்கு அந்த நிழல் சரிவில் இறங்கிப் பார்த்தவர்கள் செயினை முன்கூட்டிக் கழற்ற மாட்டார்கள். காருக்கு ஆணி டயர் போட்டுக்கொள்ள நியூயார்க் சட்டம் அனுமதிக்கும் காலமே அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை. அது சும்மா வைத்த தேதி இல்லை.

ஆனால் சேறு முற்றும் காலம் வேறு கதை. மேலே ஒரு சாண் உருகியிருக்கும், கீழே இன்னும் உறைந்தே இருக்கும், தண்ணீர் இறங்க வழியில்லாமல் பாதை கூழாகிவிடும். இதில் செயின் போட்ட டயர் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போகும். வண்டி போய்ச் சேர்ந்துவிடும், பாதைதான் பாழாகிவிடும். போட்ட சரளையெல்லாம் சேற்றுக்குள் புதைந்து, கோடையில் லாரி வைத்துப் புதிதாகக் கொட்ட வேண்டிவரும். அந்த இரண்டு மூன்று வாரமும் முடிந்தவரை டிராக்டரை நிறுத்திவைப்பதுதான் சரி. ஓட்டியே ஆக வேண்டுமென்றால் தரை கெட்டியாக இருக்கும் விடியற்காலையில். நிழல் சரிவில் கடைசி ஐஸ் போன அன்றைக்குச் செயினை இறக்கிவிடுவேன், அதற்கு மேல் ஒரு நாள் தாமதித்தாலும் பாதைக்குக் கேடு.

கழற்றியதும் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, சங்கிலி ரம்பத்துக்கு ஊற்றும் எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்து, சுவரில் தடித்த கொக்கியில் மாட்டிவிடுகிறேன். எது இடது, எது வலது, எது உள்பக்கம் என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த வருஷம் குழம்ப வேண்டாம். மாட்டும்போதே ஒவ்வொரு குறுக்குக் கண்ணியையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தரையில் உராயும் பக்கம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடலாம், முழுச் செயினும் வாங்கத் தேவையில்லை. ஒட்டுக் கண்ணி தனியாகக் கிடைக்கும், இடுக்கி வைத்து நெருக்கினால் போதும்.

இந்த வருஷம் முன் சக்கரத்துக்கும் ஒரு ஜோடி போடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் எவ்வளவு நல்ல செயின் இருந்தாலும், ஐஸில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் கேட்காது, என் பாதையின் வளைவில் அது எனக்குத் திருப்தியாக இல்லை. முன்பக்கம் இடம் இன்னும் நெருக்கடி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு பக்க முன் சக்கரத்தைக் கட்டையில் ஏற்றி ஆக்சிலை முழுக்கச் சாய்த்து, அப்போதும் டயருக்கும் லோடர் சட்டத்துக்கும் நடுவில் இடம் மிஞ்சுகிறதா என்று அளக்க வேண்டும், நேராக நிற்கும்போது அளந்த அளவு செல்லாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் முன் செயினுக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், சில மாடல்களில் கூடாது என்றே போட்டிருக்கும். நீங்களும் இந்த வருஷம் வாங்குவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே அளந்து, ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். முதல் பனிப்புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடைக்குப் போனால் உங்கள் டயர் அளவைத் தவிர மற்ற எல்லா அளவும் இருக்கும்.